பட்டியல் வேறு, வரலாறு வேறு: சங்கங்கள் தம் தலைவர்களை நினைவுகூரும் விதம் பற்றி

ஒரு சங்கம் ஐம்பதாம் ஆண்டை எட்டினால் மலர் வெளியிடுவது நம் வழக்கம். மலர் என்றால் அதில் சங்க வரலாறு இருந்தாக வேண்டும். வரலாற்றை எழுதும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்த சில நாட்களிலேயே செயற்குழுவில் பேச்சு தடிக்கும். இன்னார் இரண்டு தவணை தலைவராக இருந்தாரே, அவருக்கு இரண்டு வரிதானா என்பார் ஒருவர். அவர் காலத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைத் தவிர வேறென்ன நடந்தது என்பார் இன்னொருவர். மறைந்த தலைவரின் பிள்ளைகள் நன்கொடையாளர்களாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். கடைசியில், யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாமென்று எல்லாத் தலைவர்களின் படங்களையும் ஒரே அளவில் வரிசையாகப் போட்டு, கீழே ஆண்டுகளைக் குறித்து, வரலாற்றை முடித்துக்கொள்வார்கள். அந்தச் சங்கம் எதற்காகத் தொடங்கியது, எப்போது என்ன செய்தது, எந்தக் கட்டத்தில் தள்ளாடியது என்பது படிப்பவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இப்போது அவசரமானது. 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்துக்கு 2026 ஐம்பதாம் ஆண்டு. அதன் வயதையொத்த அமைப்புகள் இன்னும் சில உண்டு. சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றிய கலைக்களஞ்சியமும் 2025இல் வந்துவிட்டது. யாரைச் சொல்வது, யாரை விடுவது என்ற முடிவை இந்தத் தலைமுறை எடுத்துக்கொண்டிருக்கிறது. எடுக்கும் முடிவு பல காலம் நிற்கும். அடுத்து எழுதுகிறவர் நாம் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுவாரிப் பட்டியலில் ஒரு பெயரும் விடுபடக் கூடாது. பிடிக்காதவர், பாதியில் விலகியவர், வழக்குப் போட்டவர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். ஆனால் பட்டியல் வேறு, வரலாறு வேறு. வரலாற்றுக்குள் ஒருவர் வர வேண்டுமானால், அவர் இருந்ததால் சங்கத்துக்குக் கிடைத்தது என்ன என்பதற்கு ஒரு சான்றாவது வேண்டும். அல்லது அவர் மறுத்து நின்றதால் சங்கம் எதிலிருந்து தப்பியது என்று காட்ட வேண்டும். அந்தச் சான்றைத் தேடிப் போகிறவர் தலைவர் நாற்காலியோடு நின்றுவிட முடியாது. செயலாளரின் மேசை, இதழாசிரியரின் மேசை, நூலகரின் அலமாரி ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும்.

ஆசியாவின் அறிவுச் சங்கங்களில் பெரும்புகழ் பெற்ற ஒன்றிலிருந்தே இதைக் காட்டலாம். கல்கத்தாவில் 1784 ஜனவரி 15 அன்று ஏசியாட்டிக் சொசைட்டி தொடங்கியது. தலைவராக இருக்கும்படி முதலில் கேட்கப்பட்டவர் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர் ஏற்கவில்லை. நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் தலைவரானார், 1794இல் இறக்கும்வரை அவரே இருந்தார். பதவியால் பெரியவர் ஒதுங்கிக்கொண்டு படிப்பால் பெரியவருக்கு வழிவிட்ட அந்த ஒரு முடிவுதான் சங்கத்தின் முதல் பத்தாண்டுகளுக்கு உருவம் கொடுத்தது. ஆகவே, தலைவராகவே இல்லாத ஹேஸ்டிங்ஸுக்கும் அந்த வரலாற்றில் ஒரு வரி உண்டு.

அதே சங்கத்தில் ஜேம்ஸ் பிரின்செப்பைப் பாருங்கள். நாணயச் சாலை அதிகாரியான அவர் 1832இலிருந்து 1838வரை சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் மாத இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர்தான். நாடெங்கும் உள்ள அதிகாரிகளும் பயணிகளும் எடுத்தனுப்பிய கல்வெட்டுப் படிகளும் காசுப் படங்களும் அவர் மேசைக்கு வந்தன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் 1837இல் பிராமி எழுத்தைப் படித்தார். அசோகர் கல்வெட்டுகள் அதன் பிறகே பேசத் தொடங்கின. தமிழ்நாட்டுக் குகைக் கல்வெட்டுகளைப் பின்னாளில் படித்தவர்களும் அந்த அடிப்படையின் மேல்தான் நின்றார்கள். பிரின்செப் அந்தச் சங்கத்தின் தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை. தலைவர் படங்களை மட்டும் வரிசையாக மாட்டிய சுவரில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. அவருக்கு உதவிய பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காருக்கு அதைவிடத் தொலைவு. இந்தியரை உறுப்பினராகச் சேர்ப்பதற்கே அந்தச் சங்கத்துக்கு 1829வரை ஆயிற்று. முதல் இந்தியத் தலைவர் ராஜேந்திரலால் மித்ரா வந்தது 1885இல். இடைப்பட்ட நூறு ஆண்டுத் தலைவர் பட்டியல் அறிவின் பட்டியலாகவும் இருக்கலாம். யாருக்கு வாசல் அடைத்திருந்தது என்பதன் பட்டியலாக அது நிச்சயம் இருக்கிறது.

சிங்கப்பூருக்கும் அப்படி ஒரு சங்கம் உண்டு. 1877 நவம்பரில் இங்கு கூடிய சிலர் தொடங்கிய அமைப்பு, மறு ஆண்டு ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் நீரிணைக் கிளையானது. முதல் தலைவர் ஜார்ஜ் ஹோஸ் என்ற பாதிரியார்; பின்னாளில் பிஷப் ஆனவர். 1878 ஜூலையில் வந்த முதல் இதழிலேயே சீனர் இரகசியச் சங்கங்களைப் பற்றி பிக்கரிங் என்ற அதிகாரி எழுதினார், தீபகற்பத்துப் பூர்வகுடிகளின் பேச்சைப் பற்றி ரஷ்யப் பயணி மிக்லூஹோ மக்லாய் எழுதினார். 1923இல் அது மலாயாக் கிளையாகவும் பின்னர் மலேசியக் கிளையாகவும் பெயர் மாறி இன்றுவரை இதழை வெளியிட்டுவருகிறது. இந்தப் பக்கத்து வரலாற்றை எழுதும் எவரும் அந்த இதழைப் புரட்டாமல் எழுத முடியாது.

அந்தக் காலத் தலைவர்களில் பலர் குடியேற்ற அரசின் உயர் அதிகாரிகள். மாற்றல் உத்தரவு வந்தால் கப்பல் ஏறிவிடுவார்கள். விடுப்பில் இங்கிலாந்து போனால் நாற்காலி காலியாகக் கிடக்கும். சங்கம் அறுபடாமல் ஓடியதற்குக் காரணம், ஊரைவிட்டுப் போகாத சிலர். தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் வந்த ஹென்றி ரிட்லி அவர்களில் தலையாயவர். ரப்பர் மரத்தைப் பட்டுப்போகவிடாமல் பால் வடிக்கும் முறையைக் கண்டு, தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்தி விதை கொடுத்தவர் என்று அவரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே ரிட்லி பல ஆண்டுகள் இந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்து இதழைச் சுமந்தவர் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. கட்டுரை கேட்டு எழுதுவது, அச்சுப்பிழை பார்ப்பது, சந்தா தராதவருக்கு நினைவூட்டுவது என்று ஒரு செயலாளரின் நாள் எப்படிக் கரையும் என்பது எந்தச் சங்கத்திலும் பொறுப்பு வகித்தவருக்குப் புரியும். ரிட்லியும் தலைவராக இருந்தவர்களும் ஒரே பக்கத்தில் ஒரே அளவில் நின்றால் அது நேர்மை ஆகாது.

இன்னும் கூர்மையான சான்று 1942இலிருந்து 1945வரையிலான ஆண்டுகளில் இருக்கிறது. ஜப்பானியர் காலம். இதழ் நின்றுவிட்டது, உறுப்பினர்களில் பலர் சாங்கிச் சிறையில். சங்கப் பட்டியலில் அது வெற்றிடம். ஆனால் இந்த ஊரின் அறிவுச் செல்வம் எல்லாவற்றையும்விட அதிக ஆபத்தில் இருந்தது அப்போதுதான். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த ராஃபிள்ஸ் அருங்காட்சியகமும் நூலகமும் சூறையாடப்படாமல் தப்பியதற்குக் காரணம், வெற்றிபெற்ற படையோடு வந்த பேராசிரியர் தனகடாதே ஹிதேசோவும், தோற்ற பக்கத்தில் நின்ற தாவரவியல் பூங்கா அதிகாரி கார்னரும், பிறகு பொறுப்பேற்ற தொகுகாவா யோஷிசிகா பிரபுவும் சேர்ந்து செய்த வேலை. எதிரியோடு சேர்ந்து இயங்கினார் என்ற பழியைக் கார்னர் நெடுநாள் சுமந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் நூலாகவே எழுதியது 1981இல். தேர்தலில் வென்ற தலைவர் யாருமில்லாத ஆண்டுகள் என்பதால் இந்த மூன்று பெயர்களையும் விட்டுவிட்டால், இன்று நாம் புரட்டும் பழைய இதழ்த் தொகுதிகள் எப்படி மிஞ்சின என்பதே விளங்காது.

சீனர் தரப்பில் 1940 மார்ச்சில் இங்கு தென்கடல் ஆய்வுச் சங்கம் தொடங்கியது. நிறுவியவர்களில் பெரிய பெயர் நாவலாசிரியர் யூ தாஃபூ. போர் முடிந்த சமயத்தில் சுமத்ராவில் கொல்லப்பட்டவர். ஆனால் சங்கத்தின் இதழைத் தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் தொகுத்தவர் சூ யுன்சியாவ். இலக்கிய வாசகர் முதலாமவரைத் தேடி வருவார், ஆய்வாளர் இரண்டாமவரைத் தேடி வருவார். சங்க வரலாறு இருவருக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் எதற்காக இடம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கு வருவோம். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தொடங்கியது 1964 ஜனவரி 7, புதுதில்லியில். அனைத்துலகக் கீழைத்தேயவியல் மாநாடு அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்கு வந்திருந்த அறிஞர்களைத் தனியாகக் கூட்டியவர் சேவியர் தனிநாயகம் அடிகள், வ.அய். சுப்பிரமணியம் அவரோடு கைகோத்து நின்றார். முதல் தலைவர் பாரிஸ் பேராசிரியர் ழான் ஃபில்லியோசா. துணைத்தலைவர்களாக பர்ரோ, எமனோ, கைப்பர், தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்றோர். செயலாளர்களாக பிராகாவின் கமில் சுவலபிலும் தனிநாயகமும்.

இந்த வரிசையில் தனிநாயகம் ஏன் தலைவராகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை அவருடைய முதிர்ச்சி என்றே பார்க்கிறேன். தமிழாராய்ச்சி தமிழர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பெருமையாக முடிந்துவிடக் கூடாது, உலகப் பல்கலைக்கழகங்கள் மதிக்கும் துறையாக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை 1955இல் தொடங்கிய ஃபில்லியோசாவின் பெயர் முன்னால் நிற்பது உதவியது. ஃபில்லியோசாவும் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியவரல்லர். 1970இல் மூன்றாவது மாநாட்டைப் பாரிஸில் நடத்திக் கொடுத்தார். ஆகவே அங்கே தலைவருக்கும் செயலாளருக்கும் தனித்தனி நியாயம் இருக்கிறது.

தனிநாயகத்தின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் காவலூருக்கு அருகில் கரம்பொனில் 1913இல் பிறந்தவர். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் தூங்கிய தமிழ் அச்சு நூல்களைத் தேடியெடுத்தார். 1679இல் அச்சான அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ் போர்த்துகீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகம் வழியாக அப்படியே படியெடுத்து மறுபதிப்புச் செய்தார். அதே ஆண்டில் தமிழாய்வு நூல்களுக்கு வழிகாட்டிப் பட்டியல் ஒன்றையும் கொண்டுவந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடும் கோலாலம்பூரில் நடந்தது; துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். ஒரே ஆண்டில் அகராதி, நூற்பட்டியல், மாநாடு. 'செயலாளர்' என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் இத்தனையும் அடங்கிக் கிடக்கிறது.

இந்த இடத்தில் சிங்கப்பூர் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும். கோலாலம்பூரில் தனிநாயகம் தலைமை தாங்கிய இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூரில் பிறந்ததல்ல. 1956இல் சிங்கப்பூர் வளாகத்தில் தொடங்கி, 1959இல் அங்கே போனது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வு என்றால் சமஸ்கிருதமா தமிழா என்ற வாதம் எழுந்தபோது, தமிழுக்கு இடம் வேண்டுமென்று மக்களைத் திரட்டியவர் கோ. சாரங்கபாணி. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டு முரசு வழியாக நிதி திரட்டினார். துறைக்குத் தமிழ் நூலகம் அமைய அந்தப் பணம் பயன்பட்டது. துறைமுகத்திலும் நகராட்சியிலும் தோட்டங்களிலும் கூலிக்கு உழைத்தவர்களின் வெள்ளிகள் அவை. முதல் மாநாடு நடந்த மண்ணை உழுதது அந்தக் காசுதான் என்று நான் நம்புகிறேன். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் பொறுப்பாளர் பட்டியலில் சாரங்கபாணி பெயர் கிடையாது. அவர் ஆய்வாளரும் அல்லர், பத்திரிகைக்காரர். ஆனால் மன்றத்தின் வரலாற்றை நேர்மையாக எழுதும் எவரும் சிங்கப்பூரில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

மன்றத்தின் பிந்தைய வரலாறு இன்னொரு அளவுகோலைத் தருகிறது. செய்தவர்களை நினைப்பது எளிது. மறுத்தவர்களை நினைப்பதுதான் சங்கங்களுக்குக் கடினம்.

1974 ஜனவரியில் நான்காவது மாநாடு இலங்கையில். கொழும்பில் நடத்துவதா யாழ்ப்பாணத்தில் நடத்துவதா என்ற இழுபறியில் இலங்கைக் கிளையின் தலைமையே மாறிற்று. பொறுப்புக்கு வந்த சு. வித்தியானந்தன் யாழ்ப்பாணம் என்ற முடிவில் அசையாமல் நின்றார். மாநாடு சிறப்பாக நடந்தது. கடைசி நாளான ஜனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்ட மக்கள் மீது காவல்துறை பாய்ந்தது. அறுந்து விழுந்த மின்கம்பி உயிர்களைப் பறித்தது. வித்தியானந்தன் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஒரு கிளையின் தலைவர்தான் அவர், மன்றத்தின் தலைவர் அல்லர். ஆனாலும் மன்றத்தின் முழு வரலாற்றில் அவரை ஒதுக்கிவிட்டு 1974ஐ எழுத முடியாது. கொழும்பில் நடக்கட்டும் என்றவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். அதையும் இரண்டு வரியில் எழுதினால்தான் வித்தியானந்தன் எடுத்த முடிவின் எடை தெரியும்.

ஜப்பானியப் பேராசிரியர் நொபுரு கராஷிமா 1989இலிருந்து மன்றத் தலைவராக இருந்தவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் உள்ள பெயர்களை எ. சுப்பராயலு, தொரு மட்சுய் ஆகியோரோடு எண்ணித் தொகுத்து 1978இல் வெளியிட்டவர். கிராமத்து நிலவுடைமையைக் கல்வெட்டுச் சான்றுகளைக் கணக்கிட்டுப் படிக்க வழி காட்டியவர். அவர் தலைமையில் 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது மாநாடு நடந்தபோது, கா. சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கை அறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆய்வு மாநாட்டில் அரசியலின் கை எவ்வளவு தூரம் நுழையும் என்பதை அவர் அன்றே கண்டார். அடுத்த மாநாட்டை 2010இல் நடத்தத் தமிழக அரசு விரும்பியபோது, ஆய்வுக் கட்டுரைகளுக்குப் போதிய கால அவகாசம் வேண்டும் என்று நின்றார். அரசு காத்திருக்கவில்லை. உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்று வேறு பெயரில் கோவையில் நடத்தியது. கராஷிமா பதவியிலிருந்து விலகினார், விலகிய காரணத்தை நாளிதழில் கையெழுத்திட்டு எழுதினார்.

அவர் விலகலால் மன்றம் சில ஆண்டுகள் தடுமாறியது உண்மை. அடுத்த மாநாடு 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது. அதைக் காட்டி, அவர் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒன்பதாவது மாநாடு என்ற எண்ணையும் மன்றத்தின் பெயரையும் அவசரத்துக்கு இரையாக்காமல் காத்தது ஒரு தலைவர் செய்யக்கூடிய பெரிய பணி. 'நடத்திய மாநாடுகள்' என்ற தலைப்பில் அது பதிவாகாது. சங்க வரலாறு எழுதுகிறவர்கள் 'நடத்த மறுத்தவை' என்றும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

நிறுவியவரை மறக்கும் பழக்கமும் நம்மிடம் பழையது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911 மே 14 அன்று தஞ்சைக்கு அருகே தோன்றியது. உமாமகேசுவரனார் என்றால் கரந்தை, கரந்தை என்றால் உமாமகேசுவரனார். 1941இல் மறையும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தலைவராக இருந்து, பள்ளி, இதழ், நூலகம் என்று சங்கத்தை வளர்த்தவர். அந்தப் புகழ் முற்றிலும் தகும். ஆனால் சங்கத்தைத் தோற்றுவித்த முதல் முயற்சி அவருடைய உடன்பிறந்தவர் த.வே. இராதாகிருட்டினப் பிள்ளையுடையது. அண்ணனும் தம்பியுமாகவே இருந்தும், நாற்காலியில் அமர்ந்தவர் பெயர் நின்றது, நாற்காலியைப் போட்டவர் பெயர் மங்கியது. மதுரைத் தமிழ்ச் சங்கத்திலும் இப்படித்தான். பாண்டித்துரைத் தேவரை நாடறியும், அறியவும் வேண்டும். அவர் கொடுத்த பணத்தைத் தமிழாக்கிய 'செந்தமிழ்' இதழின் ஆசிரியர்கள் ரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் சங்க வரலாற்றில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியவர்கள்.

யாரை நினைவில் வைப்பது என்ற இதே கேள்வி கல்லறைகளிலும் எழுகிறது. நான் குடியிருக்கும் சுவா சூ காங்கிலிருந்து 172ஆம் எண் பேருந்தில் பழைய சுவா சூ காங் சாலையில் மேற்கே போனால், இருபுறமும் கல்லறைகள் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் இன்னும் புதைப்பதற்கு இடம் தரும் ஒரே இடம் இதுதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர், சீனர், பார்சி என்று எல்லாருக்கும் தனிப் பகுதி உண்டு. 1998இலிருந்து ஒரு புதைகுழிக்கு 15 ஆண்டுதான் தவணை; அதன்பின் தோண்டியெடுத்து எரிப்பார்கள், அல்லது சமய விதி எரிக்க இடம் தராவிட்டால் சிறிய இடத்தில் மறுபடி புதைப்பார்கள். தெங்கா விமானப்படைத் தளத்தின் விரிவாக்கத்துக்காக 80,000க்கும் மேற்பட்ட சீன, முஸ்லிம் கல்லறைகளை எடுக்கப்போவதாக 2017இல் அறிவிப்பு வந்தது. அதற்கு முன், 2001இலிருந்து 2006வரை பிடாடரி இடுகாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் எடுக்கப்பட்டு, முஸ்லிம்களின் எச்சங்கள் இங்கேதான் வந்து சேர்ந்தன.

பிடாடரியில் அப்போது எடுத்த முடிவு என் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது. எடுக்கப்பட்டவர்களின் விவரங்கள் பதிவேட்டில் ஏறின. சில கல்லறைக் கற்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு நினைவுப் பூங்கா ஒன்றில் நடப்பட்டன. டாக்டர் லிம் பூன் கெங்கின் கல் அவற்றில் ஒன்று. மருத்துவர், சட்டமன்ற உறுப்பினர், பல்கலைக்கழகத் தலைவர் என்று அவருக்குப் பல முகங்கள். 1896இல் இங்கே சீனருக்கென ஓர் அறிவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். பதிவேடும் வேண்டும், பூங்காவும் வேண்டும் என்று அரசு கண்டது சரி. பதிவேட்டில் தேர்வு கூடாது. பூங்காவில் தேர்வு இல்லாமல் முடியாது. ஆனால் பூங்காவில் நிற்கும் கல் ஒவ்வொன்றும் 'நான் ஏன் இங்கே' என்பதைச் சொல்ல வேண்டும். சங்க மலர்கள் தவறுவது இதில்தான். பதிவேட்டைப் பூங்காவாக அலங்கரிக்கிறார்கள். பூங்காவைப் பதிவேட்டைப் போல் காரணமில்லாமல் நிரப்புகிறார்கள்.

சென்னை மெரினா கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நின்ற சிலைகளையும் இப்படிப் படிக்கலாம். திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதி, பாரதிதாசன் ஆகியோரோடு பெஸ்கி, போப், கால்டுவெல் என்ற மூன்று ஐரோப்பியரும் அங்கே நிற்கிறார்கள். மாநாட்டுக்காரர்கள் எவரும் தங்கள் மன்றத்துத் தலைவருக்குச் சிலை வைத்துக்கொள்ளவில்லை. செய்த பணிக்காக மட்டும் பெயர்களைத் தேர்ந்தார்கள். காரணத்தை யார் கேட்டாலும் சொல்லக்கூடிய தேர்வு அது. யாரை விட்டார்கள் என்று இன்றும் வாதாடுகிறோம். வாதாட முடிவதே அந்தத் தேர்வின் நேர்மைக்குச் சான்று.

நடைமுறைக்கு வந்தால், சிங்கப்பூரில் தலைவர் பட்டியல் தொலைந்துபோவது அரிது. சங்கங்கள் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டும் பொறுப்பாளர் பெயரையும் கணக்கையும் பதிவகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அச்சிட்ட மலர்களும் நூல்களும் சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் போகின்றன. தொலைவது வேறு: கூட்டக் குறிப்பேடு, வந்த கடிதம், போன கடிதத்தின் நகல், நாடகத்துக்கு வாடகை கட்டிய ரசீது, போட்டிக்கு வந்த கட்டுரைகள், யார் எதை எதிர்த்து வாக்களித்தார் என்ற குறிப்பு. இவை செயலாளரின் வீட்டில் இருக்கும். அவர் வீடு மாறும்போதோ மறையும்போதோ, பழைய தாள் வாங்குபவர் வண்டியில் ஏறிவிடும். அடுக்குமாடி வீட்டில் சேமித்துவைக்க இடமும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. விளைவு, வரலாறு எழுத வருபவருக்குக் கையில் கிடைப்பது பட்டியல் மட்டும். அதனால்தான் அவர் பட்டியலையே வரலாறாக எழுதுகிறார்.

உயிரோடிருக்கும் தலைவர்களைப் பற்றி என்ன எழுதுவது என்றும் கேட்பார்கள். அவர்கள் காலத்து நிகழ்வுகளை எழுதலாம், மதிப்பீட்டைப் பின்வருபவருக்கு விடலாம். இருபது ஆண்டு கழித்து எழுதுபவருக்கு நன்கொடையாளரின் முகம் பார்க்க வேண்டியிருக்காது. மறைந்தவர்களைப் பற்றி அந்தத் தயக்கம் வேண்டாம். ஒருவர் மூன்று தவணை இருந்து ஒன்றும் செய்யவில்லை என்றால், பட்டியலில் அவர் பெயரும் ஆண்டும் போதும். அது அவமதிப்பு ஆகாது. ஒருவர் ஓராண்டே இருந்து, கடனில் மூழ்கிய சங்கத்தை மீட்டிருந்தால், அந்த ஓராண்டுக்கு முழுப் பக்கம் கொடுக்கலாம். ஒருவர் சங்கத்தைப் பிளந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். பிளவுக்கான காரணத்தை இரு தரப்பு வாயாலும் கேட்டு எழுத வேண்டும். மலரில் புகழ்ச்சி மட்டும் வர வேண்டுமென்றால் அதற்கு வாழ்த்துரைப் பகுதி இருக்கிறது.

ஐம்பதாம் ஆண்டு மலருக்குத் தயாராகும் சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முன்னாள் தலைவர்களின் படங்களைத் தேடுவதற்கு முன், முன்னாள் செயலாளர்களின் வீடுகளுக்குப் போங்கள். அங்கிருக்கும் குறிப்பேட்டையும் கடிதக் கட்டையும் கேட்டு வாங்கி, படியெடுத்துக்கொண்டு, மூலத்தை விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்தில் ஒப்படையுங்கள். இதைப் படிக்கும் உங்கள் வீட்டு மேல் அலமாரியிலேயே அப்படி ஒரு கட்டு இருந்தால், இந்த ஆண்டே கொண்டுபோய்க் கொடுங்கள்.